தெளியாத தொட்டி

என் அண்ணன் முகத்தில் காய்ந்திருந்த சேற்றுக் கோடுகள் சாம்பல் நிறத்தில், நெற்றியிலிருந்து காதோரம் வரை, விரல் விரலாக இறங்கியிருந்தன. தங்கச் சுரங்கத்தில் கல் சரிந்து செத்தவனை மேலே கொண்டுவந்து மாரிகுப்பத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் கிடத்தியிருந்தோம். கொடுங்கோடை. கிணற்றில் சேற்றுக் குழம்புதான் மிச்சம். மில் தொட்டியில் மட்டும் தண்ணீர் கண்ணாடியாய் நின்றது. பாறையை இடித்துத் தங்கம் எடுத்தபின் வரும் சேற்றுத் தண்ணீரை அங்கே தேக்குவார்கள். வண்டல் படிந்ததும் மேலே தெளிந்ததை மறுபடி மில்லுக்கே இறைப்பார்கள். அண்ணி போய்த் தொட்டி மேஸ்திரியிடம் இரண்டு குடம் கேட்டாள். "மில்லுக்கே பத்தல. பொணத்துக்கு இன்னாத்துக்கு தெளிஞ்ச தண்ணி? போ, போ" என்றார். கிணற்றுக் குழம்பில்தான் அண்ணனைக் குளிப்பாட்டினோம்.

காரியம் முடிந்த அன்று அண்ணி அழவில்லை. "அந்தாளுக்கு இனிமே தண்ணி தெளியக் கூடாது தம்பி" என்றாள். சாபம் விடுகிறாள் என்று நினைத்தேன். அவளோ வழி சொன்னாள். வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடுகிறவர்கள் வீட்டுப் பெண் அவள். ஆவாரம்பட்டைச் சாறு ஓடிக் கலக்கும் குட்டையில் கலங்கல் அடங்கவே அடங்காது என்று அவளுக்குத் தெரியும். நான் வேலை பார்த்ததும் அதே தொட்டியில்தான். தாய்வீட்டிலிருந்து பட்டை மூட்டைகள் வந்தன. கொதிக்கவைத்துச் சுண்டிய கருஞ்சாறு, ஷிப்டுக்கு ஒரு கஞ்சிப் பானையாக, என் தோளிலேறி மில்லுக்குள் போய்த் தொட்டியில் கலந்தது.

மில் பரிசோதனைக் கூடத்தில் இருந்த ஒருவர் பல ஆண்டுகள் கழித்து இதன் காரணத்தை எனக்குச் சொன்னார். சேற்றின் நுண்துகள்கள் எல்லாம் மேற்பரப்பில் ஒரே வகை மின்னேற்றம் ஏந்தி ஒன்றையொன்று தள்ளுமாம். அந்தத் தள்ளல் தணிந்தால்தான் கூடிக் கனத்து அடியில் இறங்கும். பட்டைச் சாறு அவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு தள்ளலை இன்னும் வளர்த்துவிடும். கேட்டதும் எனக்குச் சிலிர்த்தது. மண்ணுக்கும் மண்ணுக்குமே பகை மூட்டியிருக்கிறோம்! கண்ணுக்குத் தெரியாத கோடித் துகள்கள், ஒன்றோடொன்று சேராமல், ஓயாமல், எங்கள் வஞ்சத்தைச் சுமந்து மிதந்திருக்கின்றன.

ஐந்தாம் நாள் தொட்டி பழுப்பேறிக் கலங்கி நின்றது. மேஸ்திரி நம் வீடுகளில் எல்லோரும் செய்வதையே செய்தார். குடத்துத் தண்ணீர் தெளியத் தேற்றாங்கொட்டை உரைப்போமே, அதைக் கூடை கூடையாக வாங்கிவந்து, தொட்டி விளிம்பில் உட்கார்ந்து கல்லில் உரைத்து உரைத்து ஊற்றினார். "இன்னா மேஸ்திரி, தொட்டிக்கு நலங்கா?" என்று ஒருவன் கத்தினான். "மாப்ள யாருன்னு கேளுடா!" என்றான் இன்னொருவன். நானும் சிரித்தேன், எல்லோரையும்விடச் சத்தமாக. கொட்டைச் சாற்றைப் பட்டைச் சாறே பிடித்து விழுங்கிக்கொண்டது. மண்ணை இறக்க எதுவும் மிஞ்சவில்லை. நல்ல தண்ணீரில்லாமல் மில் நின்றது. துரை வந்தார், உரைத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தார், அங்கேயே வேலையை விட்டு நீக்கினார். அன்று எனக்குச் சோறு இனித்தது. அதற்காக இன்றும் வெட்கப்படவில்லை.

மேஸ்திரி ஊரைவிட்டுப் போன நாளில் அண்ணி ஒரு சொம்புத் தெளிந்த தண்ணீரோடு மாரிகுப்பம் ஸ்டேஷனுக்கு வந்தாள்; நான் அவர் கண்ணில் படாமல் தள்ளி நின்றேன். அவர் கேட்காமலே நீட்டினாள். மடமடவென்று குடித்தார்.

"நல்லா இரும்மா. யாரு நீ?"

"உங்ககிட்ட பொணத்தக் குளிப்பாட்டத் தண்ணி கேட்டவ."

அந்த முகம் இடிந்து விழுவதைக் கண்ணாரப் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தேன். அவர் நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே யோசித்தார்.

"எந்தப் பொணம்மா? எத்தினியோ பேரு வந்து கேட்டாங்களே."

அண்ணி காலிச் சொம்பை வாங்கிக்கொண்டாள். பட்டையைப் பற்றிச் சொன்னால் என்னைச் சிறையில் போடுவார்கள். வண்டி அடுத்த ஸ்டேஷனான கோரமண்டல் பக்கம் நகர்ந்தது. அவர் ஜன்னல் வழியாகக் கைகூட அசைத்தார்.

எனக்கு இப்போது ஐம்பது வயதாகிறது. மன்னித்துவிடு என்கிறார்கள் பெரியவர்கள். யாரை? தன்னை வீழ்த்தியவர்கள் யாரென்றே தெரியாமல், தொட்டியை நொந்துகொண்டு, எங்கள் தண்ணீரைக் குடித்து, எங்களை வாழ்த்திவிட்டுப் போனவரையா?