ஐந்தாவது நிமிடத்தில் கொலையாளி

அந்தத் தொலைக்காட்சித் தொடர் என்றைக்கு அலுத்துப்போனது என்று கேட்டால் ஆர்லிஸ் ஹால்வர்சனுக்குச் சொல்லத் தெரியாது. எந்த இடத்தில் என்று கேட்டால் தெரியும். துப்பறியும் அதிகாரி கார்மோடி பிணத்தின் மேல் கிடந்த துணியை மெல்ல விலக்கிக்கொண்டிருந்தார். பின்னணியில் வயலின் அழுதது. பக்கத்தில் லவோன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆர்லிஸின் கண் மட்டும் செத்தவனுடைய ஜன்னலில் இருந்தது. 'இந்தப் பச்சைத் திரைச்சீலை நம் சாப்பாட்டு அறைக்கு எடுப்பாக இருக்குமே!' அப்புறம்தான் தூக்கிவாரிப்போட்டது. ஒரு மனிதன் குத்துப்பட்டுக் கிடக்கிறான், இவள் திரைச்சீலைக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கிறாள்.

லவோன் அவளுடைய நாத்தனார். கணவர் கோர்டியின் அக்கா. துலூத் ஊரில், ஏரியைப் பார்த்த சரிவுத் தெருவில், நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவள். அவள் கணவர் இறந்த குளிர்காலத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை, கையில் ஒரு தட்டு இனிப்புத் துண்டுகளோடு வந்து நின்றாள். "சும்மா, இந்தப் பக்கமா போனேன்" என்றாள். ஆர்லிஸ் வீட்டைத் தாண்டினால் உறைந்த ஏரிதான். அதற்கு மேல் போவதற்கு இடமே கிடையாது. ஆர்லிஸ் ஒன்றும் கேட்கவில்லை. தொலைக்காட்சியில் 'துறைமுகக் காவல்' தொடங்கிக்கொண்டிருந்தது. இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். அன்றிலிருந்து வியாழன் ஏழு மணி என்றால் லவோன், இனிப்பு, பிணம்.

அப்போதெல்லாம் ஆர்லிஸுக்கு அந்தத் தொடர் என்றால் பைத்தியம். ஒருமுறை வாசலில் பனி வழுக்கிக் கோர்டி தோள்பட்டை பிசகி உள்ளே வந்தபோது, "விளம்பரம் வரட்டும், ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று சொன்னவள் அவள். கோர்டியும் அந்த ஊர்க்காரர். "அவசரமில்ல" என்று கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அவரும் ஓரமாக நின்று பார்த்தார்.

பிறகு கார்மோடிக்கு நினைவு தப்பியது. அடுத்த வருடம் திரும்பி வந்தது. இரட்டைச் சகோதரன் ஒருவன் முளைத்தான். செத்த மனைவி உயிரோடு வந்து, மறுபடி செத்தாள். கொலைகாரனைக் கண்டுபிடிப்பது நாளாக ஆகச் சுலபமாகிவிட்டது: இரண்டே இரண்டு வசனத்துக்காக எந்தப் பிரபல நடிகரைக் கூட்டி வந்திருக்கிறார்களோ, அவர்தான். மாறியது தொடரா, தானா என்று ஆர்லிஸ் யோசித்துப் பார்த்தாள். ஒரு பொருள் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். ஆசை தேய்வதை எதை வைத்துப் பார்ப்பது?

சரி, அலுத்துவிட்டது, சொல்லிவிட வேண்டியதுதானே என்றால், அந்த ஊரில் அது நடக்காத காரியம். அங்கே யாரும் எதையும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஒருத்தி செய்த குழம்பு வாயில் வைக்க முடியாமல் இருந்தால், "வித்தியாசமா இருக்கு" என்பார்கள். அவள் புரிந்துகொண்டு இரண்டு வருடம் முகம் கொடுக்க மாட்டாள். தட்டில் கடைசித் துண்டு மிஞ்சினால் யாரும் முழுசாக எடுக்க மாட்டார்கள். ஒருத்தி பாதி வெட்டி எடுப்பாள். அடுத்தவள் அந்தப் பாதியில் பாதி. கடைசியில் எறும்புக்குப் போடுகிற அளவில் ஒரு துணுக்கு தட்டில் கிடக்கும். அதையும் காகிதம் சுற்றிக் குளிர்பெட்டியில் வைப்பார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் ரெனே வந்து ஆசை காட்டினாள். ஆர்லிஸ் தொலைபேசி எடுக்கிற கால்நடை மருத்துவமனையில் அவள் உதவியாளர். ஒரு சனிக்கிழமை ஆர்லிஸைக் கர்லிங் பார்க்க அழைத்துப் போனாள். பனித்தரையில் கனத்த கல்லைச் சறுக்கி விடுகிறார்கள். இருவர் அதன் முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடுகிறார்கள். கல் போய் வட்டத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் ஆர்லிஸைக் கவர்ந்தது வேறு. ஓடிக்கொண்டிருந்த ஒருத்தி சட்டென்று நிமிர்ந்து கையைத் தூக்கினாள்.

"நான்தான். துடைப்பம் கல்லுல பட்டுடுச்சு."

துடைப்பம் பட்டால் அந்தக் கல் கணக்கில் இல்லை; எடுத்து ஓரமாக வைத்தார்கள். ஆட்டம் தொடர்ந்தது.

"யாரு பார்த்தா?" என்றாள் ஆர்லிஸ்.

"யாரும் பாக்கல."

"நடுவர்?"

"நடுவரா? அவ தொட்டது அவளுக்குத் தெரியாதா?" என்றாள் ரெனே.

ஆர்லிஸுக்கு வாய் மூடவில்லை. இத்தனை வருடமாக ஐம்பத்தைந்து நிமிடம் பொய் சொல்லிவிட்டுக் கடைசி ஐந்து நிமிடத்தில் அழுகிறவர்களையே பார்த்துப் பழகியவள் அவள். இங்கே துப்பறிய ஆளே தேவையில்லை!

"எங்க டீம்ல மேவிஸ் அரிசோனாவுக்குக் குடி போறா. நீ வர்றியா? கிறிஸ்துமஸ் கழிச்சு ஆட்டம். அதுக்குள்ள சொல்லிடு. இல்லேன்னா அந்தப் பல் டாக்டர் பொண்டாட்டியத்தான் சேக்கணும். அவ வாயத் திறந்தா ஐஸ் உருகிடும்."

"என்னைக்கு ஆட்டம்?"

"வியாழக்கிழமை, ஏழு மணி."

வீட்டுக்கு வந்ததும் கோர்டியைப் பிடித்தாள். "உன் அக்காகிட்ட நீ சொல்லேன்."

"நானா? எங்க அக்காகிட்ட நான் கடைசியா மாட்டேன்னு சொன்னது ஏழாங்கிளாஸ்ல. அதுக்கே இன்னும் திட்டு வாங்கிட்டிருக்கேன்."

ஆகவே ஆர்லிஸ் குறுக்குவழியில் இறங்கினாள். தொடரைக் கெடுத்துவிட்டால் லவோன் தானாகவே வருவதை நிறுத்திவிடுவாள் அல்லவா? அந்த வியாழன், பிணம் விழுந்த ஐந்தாவது நிமிடம், ஒரு துண்டு இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"அந்த வக்கீல்தான்."

"சும்மா இருடி. அவன் இப்பதான் உள்ள வந்தான்."

மணி எட்டாவதற்குள் வக்கீல் கைவிலங்கோடு அழுதுகொண்டிருந்தான். லவோன் திரும்பி ஆர்லிஸை ஏற இறங்கப் பார்த்தாள். கோபப்படப் போகிறாள் என்று ஆர்லிஸ் ஆவலோடு காத்திருந்தாள்.

"எப்படிடி கண்டுபிடிச்ச?" என்றாள் லவோன். அவள் கண்ணில் பக்தியே தெரிந்தது.

அடுத்த வாரம் தன் சிநேகிதி டோரிஸைக் கூட்டி வந்தாள். ஆர்லிஸ் வயலின் ஆசிரியையைக் காட்டினாள், அவளேதான். அதற்கடுத்த வாரம் தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். சோபாவில் இடமில்லாமல் சாப்பாட்டு அறை நாற்காலிகள் வந்தன. ஐந்தாவது நிமிடம் நெருங்கியதும் எல்லோரும் திரையை விட்டுவிட்டு ஆர்லிஸின் முகத்தையே பார்த்தார்கள். வியாழக்கிழமையிலிருந்து தப்பிக்கப் பார்த்தவளுக்கு வியாழக்கிழமை ஊர்த் திருவிழா ஆகிவிட்டது.

"நாளைக்குக் கடைசி நாள்" என்றாள் ரெனே ஒரு புதன்கிழமை. "பல் டாக்டர் பொண்டாட்டி கர்லிங் ஷூவே வாங்கிட்டாளாம்."

மறுநாள் ஆர்லிஸ் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வதென்று முடிவெடுத்தாள். பெயர் கெட்டால் கூட்டம் கலையும். முதல் வருடத்திலிருந்து தொடரில் இருப்பவர், எல்லோருக்கும் காபி வாங்கித் தருகிறவர், கார்மோடியின் மேலதிகாரி, பாயில் என்று பெயர். புழுவைக்கூட மிதிக்காத மனிதர்.

"பாயில்தான்" என்றாள், ஐந்தாவது நிமிடத்தில்.

அறையில் சிரிப்பு வெடித்தது. "ஆர்லிஸுக்கு இன்னைக்கு ஜுரம்" என்றாள் டோரிஸ். ஆர்லிஸ் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அந்த வாரம் பார்த்துத்தானா கதை எழுதியவர்களுக்குப் புதுமை செய்யத் தோன்ற வேண்டும்! ஐம்பத்தைந்தாவது நிமிடம் பாயில் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஆமாம் கார்மோடி, நான்தான்" என்றார். பாடகர் குழு உச்சக்குரலில் அலறியது. டோரிஸ் மடியில் காபி கொட்டியது. எல்லோரையும்விட அதிகமாக அதிர்ந்தவள் ஆர்லிஸ்தான்.

"அடுத்த வாரம் பாஸ்டரையும் கூட்டிட்டு வர்றேன்" என்றாள் டோரிஸ், மடியைத் துடைத்துக்கொண்டே.

தட்டு சுற்றி வந்தது. ஒரே ஒரு துண்டு. டோரிஸ் பாதி வெட்டினாள். அடுத்தவள் அதில் பாதி. தட்டு ஆர்லிஸிடம் வந்தபோது கட்டைவிரல் அகலத்தில் ஒரு துண்டு கிடந்தது. லவோன் கத்தியை நீட்டினாள். ஆர்லிஸ் கத்தியை வாங்கவில்லை. துண்டை அப்படியே எடுத்து வாயில் போட்டு, மென்று, விழுங்கினாள்.

அத்தனை பேரும் ஆர்லிஸின் வாயையே பார்த்தார்கள். பாயில் கொலைகாரனாகப் போனதற்குக்கூட இந்த அதிர்ச்சி இல்லை.

ஆர்லிஸ் கையைத் தூக்கினாள். "நான்தான்" என்றாள். "லவோன், எனக்கு இந்தத் தொடர் அலுத்துப்போய் ரொம்ப நாளாச்சு. உன்ன வெரட்டத்தான் கொலைகாரன முன்னாடியே சொன்னேன். இன்னைக்கு வேணும்னே தப்பா சொன்னேன், அதுவும் சரியாப் போச்சு. வியாழக்கிழம நான் கர்லிங் ஆடணும். இதச் சொல்லத் தெரியாமத்தான் இவ்வளவும்."

பாடகர் குழு மேலங்கிகளைத் தேடத் தொடங்கியது. லவோன் வெறும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழியே இல்லாத வழியாக அவள் வந்து நின்ற அந்த முதல் வியாழக்கிழமை ஆர்லிஸுக்கு ஞாபகம் வந்தது. போயும் போயும் ஒரு விளையாட்டுக்காக இவளை இழந்துவிட்டேனோ?

"அப்ப நானும் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் லவோன். "உன் சோபா இருக்கே, இடது பக்கம், ஒரு ஸ்பிரிங். அஞ்சு வருஷமா என் இடுப்புல குத்துது."

"அடிப்பாவி! சொல்லக் கூடாதா?"

"டோரிஸ் வீட்டு டிவி சுவரளவு. எப்பவோலேருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. நீ தனியா உக்காந்திருப்பியேன்னுதான் போகல."

"நான் எங்க தனியா? கோர்டி இருக்காரே."

"அதத்தான் சொல்றேன்" என்றாள் லவோன்.

முதலில் சிரித்தது டோரிஸ். பிறகு யார் யார் என்று கணக்கில்லை. சமையலறையிலிருந்து கோர்டி மட்டும், "எனக்குக் காது கேக்குது" என்றார்.

கிறிஸ்துமஸ் கழிந்த முதல் வியாழன் ஆர்லிஸ் பனித்தரையில் இரண்டு முறை விழுந்தாள். ஒரு முறை துடைப்பம் கல்லில் பட்டது. யாரும் பார்க்கவில்லை. "நான்தான்" என்று அவள் கத்திய கத்தலில் பக்கத்துத் தடத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பினார்கள். "மெதுவா, மெதுவா. கொலையா பண்ணிட்ட?" என்றாள் ரெனே.

இடைவேளையில் தொலைபேசியில் லவோனின் செய்தி வந்திருந்தது: 'டாக்டர், டாக்டரோட தம்பி, நாய் வளர்க்கிறவ. யாரு?'

பதில் போடக் கூடாது என்றுதான் இருந்தாள். கையுறையைக் கழற்றி, 'தம்பி' என்று போட்டாள். பதில் வரவில்லை. ஆட்டம் முடிந்து, ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு வாங்கித் தருகிற பீரைக் குடித்து முடித்த பிறகும் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஆர்லிஸே லவோனைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"சொல்ல மாட்டேன்" என்றாள் லவோன். "வேணும்னா வந்து பாத்திருக்கணும்."

அன்று பகல் முழுக்க, பூனைக்கு வாந்தி என்றும் நாய்க்குச் சொறி என்றும் அழைத்தவர்களிடம் பேசும்போதெல்லாம் ஆர்லிஸின் தலைக்குள் அந்தத் தம்பி நடமாடிக்கொண்டிருந்தான். அலுத்துப்போன சாமான் இப்படியா விடாமல் பின்னாலேயே வரும்? மாலையில் கோர்டியிடம் வந்தாள்.

"உன் அக்காகிட்ட நைசா கேட்டுச் சொல்லேன்."

கோர்டி செய்தித்தாளை இறக்கவில்லை. "கேக்க வேணாம். தெரியும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நேத்து டோரிஸ் வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரளவு டிவி." ஒரு பக்கத்தைப் புரட்டினார். "தம்பி இல்ல. அதுக்கு மேல கேக்காத, அக்கா என்னக் கொன்னுடுவா."