மீலாவின் பீங்கான் தட்டுகள்

குசினி உதவியாள் என்று பெயர் இருந்தாலும், எங்கள் தொழிலில் அடுப்பைவிடத் தண்ணீர்க் குழாயோடுதான் சகவாசம் அதிகம். இந்த நாட்டில் உணவகம், முதியோர் இல்லம், பாடசாலை என்று ஏதாவது ஒரு குசினியில் விரல் ஊறிச் சுருங்க நின்றவர்களுக்கு நான் எழுதுவது புதிதாக இராது. என்ன, நான் நிற்பது யூதர்களின் தொழுகைக்கூடம் ஒன்றின் நிலக்கீழ் மண்டபத்தில். அங்கே பேசுவது ஜெர்மன். இங்கே எழுதுவது அது என் காதில் விழுந்த தமிழ்.

மச்சச் சட்டி

கோஷர் என்ற யூத உணவு விதிப்படி பாலும் இறைச்சியும் ஒன்றோடொன்று படக்கூடாது. தட்டு, கரண்டி, அலுமாரி, கழுவும் தொட்டி எல்லாம் இரண்டிரண்டு. இந்தத் தலையிடி வேண்டாமென்று, சனிக்கிழமைத் தொழுகைக்குப் பிந்திய விருந்துக்கு அங்கே பல வருடமாகப் பிளாஸ்டிக் தட்டுத்தான். விருந்து முடிந்தால் வாசலில் கறுப்புக் குப்பைப் பைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒடேசாவில் டிராம் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்ற மீலா என்ற அம்மாள், எதையும் வீணாக அழிக்கக்கூடாது என்பது எங்கள் மார்க்கத்தின் சட்டமல்லவா என்று கேட்டு, நாலு பேரைச் சேர்த்து ஒரு பசுமைக் குழு தொடங்கினார். சபைத் தலைவர் அரை மனதோடு ஒத்துக்கொண்டார். மாரிகாலத்து ஹனுக்கா பண்டிகை வரைக்கும் பீங்கான் தட்டு. அதற்குள் பாலும் இறைச்சியும் ஒருமுறை கலந்தாலும் மறுபடி பிளாஸ்டிக்.

கழுவுவதற்காகவே என்னை எடுத்தார்கள். பீங்கான் போனால் நானும் போகவேண்டியதுதான். கணவர் போனபின் என் வீட்டில் ஒரு தட்டுத்தான் நனைகிறது. சனிக்கிழமைகளில் அந்த ஒற்றைத் தட்டின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை.

ரபி என்ற மதகுருவுக்காகக் கோஷர் பார்க்கும் கண்காணிப்பாளர் யோசெப் முதல் நாள் என்னை நிறுத்திவைத்து, நீலக்கரைத் தட்டு பாலுக்கு, சிவப்புக்கரைத் தட்டு இறைச்சிக்கு என்று நெடுநேரம் விளக்கினார். எங்கள் வீட்டிலும் மீன், இறைச்சி சமைக்கும் மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு. வெள்ளிக்கிழமை மச்சச் சட்டியின் பக்கமே கை போகாது. மாறிப்போனால் மாமியார் சட்டியைத் தூக்கி எறிந்துவிடுவார் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "அப்படியோ? உங்கட ஊரிலை ரபி ஆர்?"

சாட்சிகள்

பின்முற்றத்தில் மீலா சலாட் கீரை வளர்த்தார். என் குசினிக் கழிவு மக்கி அதற்கு உரமானது. மருந்து ஒரு சொட்டுக்கூட இல்லை. முதல் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று அவர் முகத்தில் கலியாண வீட்டுக் களை. யோசெப் ஓர் இலையை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். பச்சைப் பூச்சி ஒன்று அதன் நரம்பு வழியே ஆறுதலாக நடந்து போனது.

பூச்சியை உண்பது அவர்களுக்குப் பெரிய விலக்கு. கடைச் சலாட்டில் பூச்சி குறைவு, மருந்தடித்திருப்பார்கள். அந்த மருந்து பிடிக்காமல்தான் மீலா தோட்டமே போட்டார். யாப்பிலக்கணம் படித்த காலத்தில்கூட நான் இப்படி ஒரு முடிச்சைக் கண்டதில்லை. மீலாவும் நானும் இலை இலையாக உப்புத் தண்ணீரில் அலசி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். "மருந்தடிக்கேல்லை எண்டதுக்கு இதைவிடச் சாட்சி வேணுமோ?" என்று மீலா சண்டைக்கு நின்றார். யோசெப் அமைதியாகச் சொன்னார்: "சாட்சியளை நான் நம்பிறன், மீலா. ஆனால் சாப்பிட ஏலாது."

வெளிச்சம் பற்றி ஒரு கருத்து

வெள்ளி மாலை தொடங்கிச் சனி இருட்டும்வரை சபாத், ஓய்வுநாள். அந்த நேரத்தில் அவர்கள் விளக்கைப் போடவோ அணைக்கவோ மாட்டார்கள். என்னைப் போன்ற வேற்று மதத்தவரிடம் அதைச் செய்யும்படி கேட்கவும் கூடாது. ஒரு சனிக்கிழமை சாமான் அறை விளக்கு வீணாக எரிந்துகொண்டிருந்தது. மீலா வந்து பக்கத்தில் நின்று, ஜெர்மன் முறையில் என்னைத் திருமதி என்று மரியாதையாகக் கூப்பிட்டார்.

"பிராவ் லோகா, அந்த அறை நல்ல வெளிச்சமாய் இருக்கு, என்ன?"

"ஓம், நல்ல வெளிச்சம்."

"உள்ளை ஒருத்தரும் இல்லைப் போலை."

"ஒருத்தரும் இல்லை."

பெருமூச்சு. பெண் பார்க்க வந்த வீட்டில்கூட ஆட்கள் இவ்வளவு சுற்றிவளைத்துப் பேசி நான் கேட்டதில்லை. மூன்றாவது தடவை, அறைக்கு அதற்குள் வியர்த்திருக்கும் என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. உள்ளே போய் எனக்குத் தேவையான, கை துடைக்கும் துவாயை எடுத்துக்கொண்டு, வரும்போது என் பாட்டுக்கு விளக்கை அணைத்தேன். நானாகச் செய்தால் குற்றமில்லையாம். மீலா கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "நன்றி சொன்னால் நான் கேட்ட மாதிரிப் போயிடும். ஆனபடியால் சொல்லேல்லை."

ஒரு மணித்தியாலம்

அதன்பிறகு மீலா தன் பொறியியலைக் காட்டினார். மண்டபத்து விளக்குகள், குசினி விளக்கு, குழாயோடு சேர்ந்த தண்ணீர் சூடாக்கி, எல்லாவற்றையும் ஒரு டைமரில் பூட்டினார். சனிக்கிழமை விருந்து முடிந்து இரண்டு மணிக்கு எல்லாம் தானாக அணைந்துவிடும். கோடை முழுதும் ஒழுங்காக நடந்தது. ஒக்டோபர் கடைசியில் நாடே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னால் தள்ளிவைத்தது. கட்டடத்துக் கடிகாரங்களையும் திருத்தினார்கள். டைமரை மட்டும் ஒருவரும் நினைக்கவில்லை.

அடுத்த சனி, மண்டபத்தில் சீஸ் விருந்து நடந்துகொண்டிருந்தது. முதல்நாள் இரவு இறைச்சி சாப்பிட்ட சிவப்புக்கரைத் தட்டுகளை நான் அதற்குரிய தொட்டியில் அடுக்கி, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தேன். திறந்த கையோடு ஒரு மணி, டைமருக்கு இரண்டு. எல்லாம் அணைந்தது. வெளியே மழை இருட்டு, உள்ளே ஜன்னல் இல்லாத குசினி. பீங்கானில் முள்ளுக்கரண்டி படும் சத்தம் மட்டும், தகரக் கூரையில் முதல் துளிகள் விழுவதுபோல் கேட்டது. தொட்டி நிறையக் குழாயை மூடிவிட்டு, நான் கழற்றிவைத்த மூக்குக்கண்ணாடியைத் தடவித் தேடினேன். அந்த நேரம் பார்த்து நல்ல மனதுக்காரர் சிலர், எனக்கு உதவி என்று, சாப்பிட்ட தட்டுகளைக் கொண்டுவந்து கைக்கு எட்டிய தொட்டியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"கொஞ்சம் இருட்டாய்த்தான் இருக்கு," என்று மீலாவின் குரல் காற்றைப் பார்த்துச் சொன்னது. இந்தமுறை எனக்கு ஒரு தடவையே போதும். "என்ர கண்ணாடியைக் காணேல்லை, எனக்கு வெளிச்சம் வேணும்!" என்று ஊருக்கே கேட்கச் சொல்லிவிட்டு டைமரின் பொத்தானை அழுத்தினேன். வெளிச்சம் வந்தது. இறைச்சித் தொட்டியில், சிவப்புக்கரைத் தட்டுகளுக்குமேல், சீஸ் ஒட்டிய நீலக்கரைத் தட்டுகள் சாவகாசமாக நனைந்துகொண்டிருந்தன. யோசெப் தொட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பிராவ் லோகா, கொஞ்ச நேரம் கண்ணாடி இல்லாமலே இருந்திருக்கலாமே."

யோசெப்பின் விரல்

தலைவர் வந்தார், பார்த்தார், பழைய பிளாஸ்டிக் தட்டுகள் இருந்த அலுமாரிப் பக்கம் திரும்பினார். அது திட்டுவதைவிட மோசம். மீலா சுவரோடு சாய்ந்து நின்றார். நான் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தேன், பிறகும் துடைத்தேன். விருந்தில் இருந்த ரபியைக் கூட்டிவந்தார்கள். இளம்பிள்ளை, தாடி இன்னும் யோசித்து யோசித்து வளர்கிற வயது. அவர் கேட்டது ஒரே கேள்வி: தண்ணீர் சுட்டதா?

சுட்டிருந்தால் ஒன்றின் ருசி மற்றதில் ஏறியிருக்கும். இரண்டு வகைத் தட்டும் போச்சு. நான் திறந்தது சுடுதண்ணீர்க் குழாய்தான் என்று உண்மையைச் சொன்னேன். மீலா கண்ணை மூடிக்கொண்டார். யோசெப் தொட்டிக்குள் விரலை விட்டு, விட்ட வேகத்தில் வெளியே எடுத்து உதறினார். பச்சைத் தண்ணீர், ஐஸ் மாதிரி. விளக்கை அணைத்த டைமர் சூடாக்கியையும் அணைத்திருந்தது. குளிரில் ருசி ஏறாது, பிரித்தெடுத்துத் தனித்தனியாகக் கழுவினால் சரி என்று ரபி சொல்லிவிட்டு, தன் சீஸைத் தேடிப் போனார். மீலா முக்காலியில் பொத்தென்று இருந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத குரலில் சொன்னார்: "என்ர தொழிலிலை நான் விட்ட பிழை ஒண்டு ஒழுங்காய் வேலை செய்தது இதுதான் முதல்தரம்!"

தவணை முடிந்தது

ஹனுக்கா வந்தது. எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு அடை, நீலக்கரைத் தட்டில், பக்கத்தில் புளித்த கிரீம். தலைவர் மேசை மேசையாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் குசினி வாசலில் வந்து நின்றார். மீலா கரண்டியோடு விறைத்துப் போனார். எனக்கோ என் வீட்டுச் சனிக்கிழமை கண்ணுக்குள் வந்தது. தலைவர் தொண்டையைச் செருமினார். "பிளாஸ்டிக் வளையிறபடியால் ஆக்கள் அளவாய் எடுத்தவை. இப்ப எல்லாரும் குவிக்கினம். தட்டு இருக்கட்டும், உருளைக்கிழங்கை மட்டும் கூட வாங்குங்கோ."

உலகத்தைக் காப்பாற்றப் புறப்படுகிறவர்கள் யாராக இருந்தாலும், அவர்கள் சாப்பிட்டு எழுந்தபின் தட்டுக் கழுவ ஓர் ஆள் வேண்டியிருக்கிறது என்பதில்தான் என் சனிக்கிழமைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.