முதல் நாள் தேத்தண்ணி

அக்கரைப்பற்றிலிருந்து எங்கள் சாமான்களை ஏற்றிவந்த லொறி, கற்பிட்டி வீதியில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டு வாசலில் வந்து நின்றபோது வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரம். விடியவே வந்துவிடுவதாகச் சொன்ன சாரதி, வழியில் டயர் போய்விட்டது என்றார். முகத்தைக் கழுவிக்கொண்டு, என் கணவரையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டார். தெருவில் ஓர் ஆண்பிள்ளை இல்லை. திறந்த லொறியில் என் வீடு முழுவதும் கிடந்தது. கடல்நீர் உள்வாங்கித் தேங்கிய களப்புப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

எனக்குப் பதறியது. பாய் நனைந்தால் காயும், அலுமாரி நனைந்தால் துடைக்கலாம். தையல் மெஷினின் மோட்டார் நனைந்தால் என் பிழைப்பு போச்சு. கணவரின் இடமாற்றத்துக்காக, என்னிடம் காத்திருந்து தைத்துக்கொண்டு போன அத்தனை பேரையும் விட்டுவிட்டு வந்திருந்தேன். இங்கே முகம் தெரியாத ஒருத்தியிடம் எவள் துணியை வெட்டக் கொடுப்பாள்? நானே கொடுக்கமாட்டேன்.

லொறியைப் பார்க்க முதலில் வந்தது ஒரு கழுதை. கழுதைகள் இப்படித் தெருவில் தம்பாட்டில் திரிவதை அன்றுதான் கண்டேன். அது தொங்கிய பாய்ச்சுருளை நிதானமாக மோந்தது. பயப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நானும் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதை விரட்டத்தான், எனக்கு அக்கா வயதிருக்கும் எதிர்வீட்டு ராத்தா வெளியே வந்தார். வந்தவர் மேகத்தைப் பார்த்தார், லொறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆம்புளையள் வாரத்துக்குள்ள மழ வந்துரும் புள்ள. எறக்குவமா?"

நான் பதில் சொல்லுமுன் பக்கத்து வீடுகளுக்குக் குரல் கொடுத்துவிட்டார். பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்கள். சாமான்கள் கைக்குக் கை மாறி உள்ளே போயின. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கேள்வி. அம்மிக்கல்லைக் கண்டதும் ஒருத்தி நின்றேவிட்டாள்.

"இதயும் கொணந்தீங்களா? எங்கட ஊர்ல கல்லில்லயெண்டா நெனச்ச?"

எனக்கும் கேள்விகள் இருந்தன. தென்னைகளுக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றாலையைக் காட்டி, "அது ராவைக்கும் சுத்துமா?" என்றேன்.

"ஓம், அதுக்கென்ன நித்திரையா வரும்?"

எல்லாரும் சிரித்தார்கள். மெஷின் கடைசியாக இறங்கியது. ஒரு பக்கம் பிடித்திருந்த எதிர்வீட்டு ராத்தா, "இது ஆர்ர?" என்று கேட்டார்.

"என்ட. நான் தைக்கிற."

"ம்," என்றார். அவ்வளவுதான். அந்த ஒற்றை "ம்" என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

மெஷின் உள்ளே போகவும் மழை விழுந்தது. இவர்களை வெறும் வாயோடு அனுப்புவதா? கேத்தலைத் தேடி எடுத்து, கிணற்றில் அள்ளி, அடுப்பை மூட்டி, சீனியைக் கொஞ்சம் கூடப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றினேன். ஒரு துளி மிச்சம் வைக்காமல் குடித்தார்கள். இன்னும் கொஞ்சம் ஊற்றவா என்று கேட்டேன். ராத்தா மட்டும் அவசரமாக, "போதும் புள்ள, வகுறு நெறஞ்சிட்டு," என்றார்.

அவர்கள் போன பிறகு என் பங்கைக் குடித்தேன். வாயில் வைக்க முடியவில்லை. ஒரே உப்பு. கடற்கரை ஓரத்துக் கிணறு உவர் என்பதும், குடிக்கும் தண்ணீரை இங்கே கேனில் வாங்குவார்கள் என்பதும் எனக்கு யார் சொன்னது? வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு தேத்தண்ணி ஊற்றத் தெரியாதவளுக்கு இனி எவள் சட்டை தைக்கக் கொடுப்பாள் என்று பள்ளியிலிருந்து வந்த கணவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், மனிதர் இன்னும் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

மறுநாள் காலை வாசலில் எதிர்வீட்டு ராத்தா. ஒரு கையில் தண்ணீர்க் கேன், கக்கத்தில் ஒரு பை.

"உப்பெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே ராத்தா. ஏன் குடிச்சீங்க?"

"நாங்க மன்னார்ல இருந்து இங்க வந்த அண்டைக்கு நானும் கெணத்துத் தண்ணியிலதான் ஊத்தின. இங்கத்த ஆக்கள் ஒண்டும் சொல்லாமக் குடிச்சிட்டுத்தான் போன."

கேனை இறக்கி வைத்தார். பையைத் திறந்து, தங்கச் சரிகை ஓடிய துணியை என் மடியில் போட்டார். மகளின் கலியாணத்துக்கு என்றார்.

துணியை மடித்து அவரிடமே நீட்டினேன். "என்ட தையல நீங்க பாக்கவேயில்லயே ராத்தா. முதல்ல ஒரு சும்மா சட்டை தந்து பாருங்களேன்."

"நேத்து நீ தந்தத நாங்க பாத்துப் பாத்தா குடிச்ச? வெட்டு புள்ள."