வார மடலில் இரண்டாவது பெயர்

அந்த அலுவலகத்தில் தமிழ் பேசும் பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் ஊருக்குள்ளேயே இருந்த ஸ்ரீவராகத்து அக்ரகாரத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். நான் பொன்முடி தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள். திருவனந்தபுரத்தில் ஹாஸ்டலில் தங்கி கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். இதைச் சொல்லும்போது என் தலை கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும். குனிய வைக்க நான் முயன்றதில்லை.

எங்கள் இருவருக்கும் ஒரே பைத்தியம். ஆபீஸ் வேலைக்குத் தேவையே இல்லாத, உலகத்தில் கொஞ்சம் பேர் மட்டும் ஆசைக்காக எழுதிக்கொண்டிருந்த ஒரு ஃபங்ஷனல் புரோகிராமிங் மொழி. அந்தக் கூட்டத்துக்கு வாரம் ஒரு செய்தி மடல் மின்னஞ்சலில் வரும். யார் என்ன புதிதாக எழுதியிருக்கிறார்கள், எங்கே நல்ல பாடம் கிடைக்கிறது என்றெல்லாம் இருக்கும். கடைசியில் ஒரு புதிர். விடையைக் குழுவின் பொது மின்னஞ்சலுக்கு அனுப்ப வேண்டும், யார் அனுப்பினாலும் எல்லோருக்கும் தெரியும். நல்ல விடை அனுப்பியவரின் பெயர் அடுத்த வாரம் வரும். பரிசு கிடையாது, பெயர் மட்டும்தான். எனக்கு அது வேண்டும்.

மடல் சனிக்கிழமை மதியம் வரும். நான் ஊருக்குப் பஸ் பிடிக்கிற நேரமும் அதுதான். புதிரைப் பிரிண்ட் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓடுவேன். அடிவாரத்து விதுரா தாண்டி மலை வளைவுகளில் பஸ் ஏறும்போதே விடை கிடைத்துவிடும். ஆனால் லயத்தில் கம்ப்யூட்டர் ஏது? திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்து அனுப்பினால், “இதற்கு ஏற்கெனவே விடை வந்துவிட்டதே” என்று யாரோ மரியாதையாகப் பதில் எழுதுவார்கள். முன்பே வந்த விடையைத் திறந்து பார்த்தால் அது அவள் அனுப்பியதாக இருக்கும். அவள் வீட்டில் இன்டர்நெட் இருந்தது. காபி குடித்துக்கொண்டே அனுப்பியிருப்பாள் என்று நினைப்பேன். நினைக்க நினைக்க வயிறு எரியும்.

பிறகு அவள் ஒரு புரோகிராமே எழுதினாள். பழைய மடல்களையெல்லாம் படித்து, அவற்றில் வந்த பாடங்களைத் தலைப்பு வாரியாகப் பிரித்துத் தரும். மடலில் அது பாராட்டோடு வந்தது. எங்கள் மேலாளர் அந்த மொழியின் பெயரைக்கூட அதற்கு முன் கேட்டதில்லை. அவரே, “திங்களாழ்ச்ச எல்லாருக்கும் ஒந்நு காணிச்சு கொடுக்கணும் கேட்டோ” என்றார்.

திங்கட்கிழமை எல்லோரும் அவள் மேஜையைச் சுற்றி நின்றோம். ஓட்டினாள். திரை வெறுமையாக இருந்தது. மறுபடி ஓட்டினாள். பிழை என்றுகூட வரவில்லை.

“எந்தா இது? ஒந்நும் காணுந்நில்லல்லோ” என்றார் மேலாளர்.

“நேத்திக்கு ஆத்துல ஓடித்தே” என்று அவள் என்னைப் பார்த்து முணுமுணுத்தாள். “ராத்திரி கொஞ்சம் ஒழுங்குபண்ணி வச்சேன், அவ்வளவுதான்.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த மொழி கேட்டால்தான் வேலை செய்யும். கோப்பைப் படி என்றால் சரி என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். வரி தேவைப்படும்போதுதான் போய்ப் படிக்கும். அதற்குள் கோப்பை மூடிவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது. ஒழுங்கானவள் அல்லவா, திறந்ததை உடனே மூடி வைத்திருக்கிறாள். அதே தப்பை நானும் செய்து ஒரு நாள் முழுக்க முழித்திருக்கிறேன்.

அவள் காதோடு தமிழில் சொல்லியிருக்கலாம். நான் மேலாளருக்குக் கேட்கும்படி மலையாளத்தில் சத்தமாகச் சொன்னேன், படிக்கும் முன்பே கோப்பை மூடிவிட்டாள் என்று. அவள் முகம் சுருங்கும் என்று காத்திருந்தேன்.

“ஐயோ, ஆமாண்டீ!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு வரியை இடம் மாற்றினாள். பட்டியல் கடகடவென்று ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள், அவளுக்கு.

அந்த வார மடலில் அவளுடைய புரோகிராமின் திருத்திய பதிப்பு வந்திருந்தது. எழுதியவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள். இரண்டாவது என்னுடையது.

“என் பேர எதுக்குப் போட்ட?”

“நீதானே கண்டுபிடிச்சே? பின்னே ஆரோட பேரைப் போடறதாம்?”

நிறைய வைத்திருப்பவர்கள்தான் இவ்வளவு சுலபமாகக் கொடுப்பார்கள். நன்றி என்று சொன்னேன். எனக்கு வேண்டியிருந்தது அவள் போட்டுக் கொடுத்த பெயர் அல்ல.

அடுத்த சனிக்கிழமை நான் ஊருக்குப் போகவில்லை. எஸ்டேட் கடைக்குப் போன் போட்டு அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன்.

“ஏன், ஆபீஸ்ல விடலயா?”

“வேல இருக்கும்மா.”

“வேலயா, இல்ல அந்தப் புள்ளகூட மல்லுக்கட்டா?”

“ரெண்டும்தான்.”

“சரி, நல்லா கட்டு. நேரத்துக்குச் சாப்பிடு” என்று வைத்துவிட்டாள்.

மடல் வந்தது. எல்லோரும் கிளம்பிப்போன ஆபீசில் உட்கார்ந்து விடையை எழுதி அனுப்பினேன். எனக்கு முன்னால் யாரும் அனுப்பியிருக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து அந்த வெற்றிடத்தைக் கொஞ்ச நேரம் ரசித்தேன். அப்புறம் அவளுடையது வந்தது.

நான்தான் முதல். ஆனால் அவள் விடை என்னுடையதில் பாதி நீளம்கூட இல்லை. அந்தக் கூட்டத்தில் சின்னதாக எழுதுவதுதான் அழகு. எங்காவது கோப்பை மூடியிருக்கிறாளா, எதையாவது விட்டிருக்கிறாளா என்று வரி வரியாகத் தேடினேன். காவலாளி வந்து விளக்கை அணைக்கலாமா என்று கேட்கும்வரை தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.