என்னைத் தவிட்டுக்குக் கொடுத்தவர்

தேனாம்பேட்டை அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பெரியம்மா போனில் கூப்பிட்டார். "ஏட்டி, உன் சித்தி போயிட்டா. காலையில காப்பி குடிச்சிட்டுப் படுத்தவ எந்திரிக்கல." சித்தி என்று அவர் சொன்னது என்னைப் பெற்ற அம்மாவை. செத்துப்போன அன்றைக்குக்கூட அவரை என் அம்மா என்று சொல்ல அந்த வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கப் பெரியப்பா ஒரு நினைவு மலர் போடுகிறார். "செண்பகத்தப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடு தாயி" என்றார். எழுதுகிறேன். அச்சில் போடுவதும் போடாததும் அவர் இஷ்டம்.

அம்மா செண்பகவல்லி, தென்காசிப் பக்கத்திலிருந்து தியாகராய நகருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே ஜவுளிக்கடை, ஒரே வீடு. கீழே அப்பாவும் அம்மாவும், மாடியில் பெரியப்பாவும் பெரியம்மாவும். நான் பிறந்ததும் அம்மாவுக்குத் தூக்கம் போனது. மூச்சு விடுகிறேனா என்று என் மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். பிறகு அதுவும் நின்று, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். பால் கொடுக்க என்னை நீட்டினால், "கொண்டு போயிருங்க" என்பாராம். இதற்கு இன்றைக்கு வைத்தியம் இருக்கிறது. அன்றைக்கும் இருந்தது, பஸ் ஏறினால் போகிற தூரத்தில். எங்கள் வீட்டில் ஜோசியரிடம் போனார்கள்.

தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது, தவிட்டுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார் அவர். பெரியம்மா ஒரு முறம் தவிட்டை அம்மாவின் மடியில் கொட்டி என்னை வாங்கிக்கொண்டார். ஊரில் எத்தனையோ பேர் இதைச் சடங்குக்குச் செய்துவிட்டு, பிள்ளையைத் தாயிடமே திரும்பக் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் ஆட்கள் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார்களே. என்னை மாடிக்குக் கொண்டுபோனார்கள். பேச வந்ததும் பெற்றவரைச் சித்தி என்று கூப்பிடப் பழக்கினார்கள். பெரியம்மாவைப் பெரியம்மா என்றேன். அவர் என்னை நன்றாகத்தான் வளர்த்தார், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா என்று கூப்பிட எனக்கு ஆளே இல்லாமல் போனது.

ஒரு தீபாவளி நேரம், எல்லோரும் கடையில் இருந்தார்கள். நான் மாடிப்படியில் உருண்டு, நெற்றி கிழிந்து, அம்மாவின் காலடியில் போய் விழுந்தேன். கையை நீட்டினேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு வெடவெடவென்று நடுங்கினாரே தவிர, குனியவில்லை. "யாராவது வாங்களேன், பிள்ளைய எடுங்களேன்" என்று கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கல்நெஞ்சுக்காரி என்றார்கள் வீட்டில். நானும் அப்படியே நினைத்துத்தான் வளர்ந்தேன்.

எனக்கு மகள் பிறந்தபோது பார்க்க வந்தவர், இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். எனக்கு எரிச்சல் வந்தது. "தூக்கிக்கப் பிடிக்கலையா சித்தி?" என்றேன்.

"பிடிக்காம என்ன. தூக்கினா கீழ போட்டுருவேன்னு மனசு சொல்லிக்கிட்டே இருக்கு. உன்னையும் அப்படித்தான். நான் தொட்டா உனக்கு ஏதாவது ஆயிரும்னு பயம்."

அத்தனை வருஷத்தில் அவரை யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அடையாறில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். பிரசவத்துக்குப் பிறகு பல பெண்களுக்கு வருவதுதான், அப்போதே பார்த்திருந்தால் குணமாகியிருக்கும் என்றார் டாக்டர். அம்மா தலையாட்டிக்கொண்டார். ஆட்டோவில் திரும்பும்போதுதான் கேட்டார்: "அப்போ உன்னைக் குடுத்திருக்கவே வேண்டாமோ?" நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மாத்திரை வேலை செய்தது. பேத்தியைக் குளிப்பாட்டினார், தோளில் போட்டுத் தூங்கவைத்தார். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறெரிந்தது. பெற்ற மகள் மேலேயே பொறாமை. என்னிடம் மட்டும் அவருக்குக் கடைசிவரை கை வரவில்லை. காபி டம்ளரை வாங்கும்போது என் விரல் பட்டால்கூடச் சட்டென்று இழுத்துக்கொள்வார்.

அவர் போன அன்று மாலை வாசலில் கிடத்தி, தலைக்கு எண்ணெய், சீயக்காய் வைக்கும் நேரம் வந்தது. "பெத்த பிள்ளைங்க மொதல்ல வாங்க" என்று சடங்கு செய்தவர் கூப்பிட்டார். நான் எழுந்தேன். பெரியம்மா கையைப் பிடித்தார்.

"ஏட்டி, நீ இரு. உங்களுக்குள்ள ஆகாதுன்னு தெரியும்லா."

"செத்தவங்களுக்கு இன்னும் என்ன பெரியம்மா ஆகணும்?" என்று கையை உதறிவிட்டுப் போனேன்.

எண்ணெயைத் தொட்டு அவர் உச்சியில் வைத்தேன். நெற்றியைத் தடவினேன், கன்னத்தைத் தடவினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் நகரவில்லை. அம்மாவும் விலகவில்லை.

போய் வாருங்கள் அம்மா. நான் உங்களைத் தொடுவதற்கு நீங்கள் சாக வேண்டியிருந்தது.