பிறவிக் குறை: இல்லை

நான் பொய் எழுதினேன். ஒரு குழந்தையின் பிறப்புப் பதிவில், 'பிறவிக் குறை' என்ற இடத்துக்கு நேரே 'இல்லை' என்று எழுதியவள் நான்தான்!

யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை.

பாலிகஞ்சில் ஒரு சிறிய பிரசவ மருத்துவமனையில் நான் நர்ஸ். காயத்ரி அங்கே பிரசவத்துக்கு வந்தாள். வங்காளப் பெண்கள் நிறைந்த வார்டில் அவள் ஒருத்தி மட்டும் தமிழில் அழுதாள். நம்மவள் என்று என் மனம் இளகிவிட்டது.

டாக்டர் குழந்தையின் தொடைகளை மடக்கி விரித்தார். இடுப்பு மூட்டு நழுவியது. பதிவில் எழுதும்படியும் எலும்பு மருத்துவரிடம் அனுப்பும்படியும் சொல்லிவிட்டு, அடுத்த பிரசவத்துக்கு ஓடினார்.

வெளியே காயத்ரியின் மாமியார், பெண் குழந்தை என்று கேட்டதிலிருந்தே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இதையும் எழுதிக் காட்டுவதா? வீட்டுக்குப் போகும்போது காயத்ரியிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதை இரக்கம் என்றுதான் நம்பினேன்...

துர்கா பூஜை வந்தது. அஷ்டமிக்கு விடுப்பு எடுத்துப் பந்தல் பந்தலாகச் சுற்றினேன். திரும்பி வந்தபோது அவர்கள் போய்விட்டிருந்தார்கள். தொலைபேசியில் கூப்பிட்டிருக்கலாமே! என் பொய் வெளிப்பட்டுவிடும் என்று பயந்தேன். கைக்குழந்தையாக இருக்கும்போதே இடுப்பு மூட்டு நழுவாமல் பட்டை கட்டியிருந்தால் பெரும்பாலும் சரியாகியிருக்கும். அது தெரிந்தும் நாளை, நாளை என்று வருடக்கணக்கில் தள்ளிப்போட்டேன்.

சென்ற மாதம் லேக் மார்க்கெட்டில், காப்பிப்பொடிக் கடை வாசலில் காயத்ரியைப் பார்த்தேன். அவள் விரலைப் பிடித்தபடி ஒரு சிறுமி, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தாள்.

"தீதி! அடையாளம் தெரியறதா? இவளை மொதல்ல தூக்கினது நீங்கதானே!" அக்காவை இங்கே 'தீதி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் சிறுமியின் காலையே பார்ப்பதைக் கண்டு அவள் குரல் தாழ்ந்தது.

"இப்போ ஆபரேஷன் பண்ணணுமாம். பொறக்கும்போதே இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னார். நான் பேப்பரைக் காட்டினேன், அதுல இல்லைன்னுதானே போட்டிருக்கு? எனக்குத்தான் கொழந்தையைத் தூக்கத் தெரியலை தீதி. நான்தான் கெடுத்துட்டேன். மாமியாரும் தெனம் அதைத்தான் சொல்றா."

என் கையெழுத்து அவளைக் குற்றவாளி ஆக்கியிருந்தது. அவளும் அதை நம்பிவிட்டாள்! நான் வாயைத் திறந்தேன்...

"எல்லாம் சரியாப் போயிடும்மா" என்றேன்.

சிறுமி எனக்கு டாட்டா காட்டினாள். நானும் காட்டினேன். என்னைவிடக் கேவலமானவள் உண்டா, சொல்லுங்கள்?

அன்று காயத்ரியின் புது எண்ணை வாங்கிக்கொண்டேன். முகம் தெரியாத உங்களிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவளை இன்னும் கூப்பிடவில்லை...