மெதுவாக ஓடினால் சூடேறும் மோட்டார்

எரிந்த மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டித் தரும் காயில்காரர் தன் தங்கைக்கு முப்பத்தெட்டாயிரம் கடன்பட்டிருந்தார். செம்புக் கம்பி வாங்க வேண்டும், ஒரே மாதத்தில் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி வாங்கியது. மூன்று வருஷம் ஓடிவிட்டது. அவள் வீட்டில் தையல் மெஷினை மிதித்து மிதித்துச் சேர்த்த காசு.

ஏமாற்றுகிற ஆள் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர், கருகிய காயிலை வெட்டி எடுக்கும் கூலி வேலையில் தொடங்கி, தன் பெயரில் ஒரு ஷட்டர் போட்ட கடை வரைக்கும் தனி ஆளாக வந்தார். யார் தோளிலும் ஏறி வரவில்லை. மோட்டார் வேலையில் படிப்பு பாதி, மூக்கு பாதி. அவருக்குப் படிப்பு இல்லாததால் மூக்கு இரண்டு பங்கு. மோட்டாரின் மூடியைக் கழற்றும் முன்பே, எரிந்தது காயிலா பேரிங்கா என்று வாசனையிலேயே சொல்லிவிடுவார். பட்டம் வாங்கியவர்கள் மீட்டரைத் தேடிக்கொண்டிருக்கும்போது இவர் ஸ்பானரைக் கையில் எடுத்திருப்பார். இதில் மிகை ஒன்றும் கிடையாது. ஆனால் வேலை தெரிந்த கைக்கு வசூல் தெரியாது. கடை வாடகையும் கம்பி விலையும் போக மிஞ்சுவது சோற்றுக்குத்தான் சரியாக இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை காலை தங்கை கடைக்கே வந்தாள். பெரிய தெருவில் ஓர் அறை வாடகைக்கு வருகிறது, தையல் கடை போட ஏற்ற இடம், சனிக்கிழமை ஐந்து மணிக்குள் முன்பணம் கொடுக்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றாள். அவள் கணவர் வீட்டில் என்ன பேசினார் என்பதையும் சொன்னாள். உங்கண்ணன் மோட்டாருக்கு உயிர் கொடுப்பார், காசு மட்டும் கொடுக்க மாட்டார் என்றாராம்.

"அண்ணே, மூணு வருஷமா நான் வாயத் தொறக்கல. இப்பக் கேக்கறேன்."

"சனிக்கிழமை உன் கையில இருக்கும்," என்றார் காயில்காரர். எங்கிருந்து வரும் என்பது அவருக்கே தெரியாது.

அன்று மத்தியானமே ரொட்டித் தொழிற்சாலை முதலாளி ஆள் அனுப்பினார். அங்கே அடுப்பு ஒரு நீளமான இரும்புக் குகை. ரொட்டித் தட்டுகள் ஒரு வாயில் ஏறி, சங்கிலியில் ஊர்ந்து, மறு வாய் வழியாக வெந்து வெளியே வரும். சங்கிலியை இழுக்கும் மோட்டாருக்கு ஒரே வேகம். சின்ன ரொட்டிக்கு அது சரி, பெரிய ரொட்டி நடுவில் மாவாகவே நின்றது. எந்த ரொட்டிக்கு எந்த வேகம் வேண்டுமோ அந்த வேகம் வேண்டும், செய்து கொடுத்தால் நாற்பதாயிரம் என்றார் முதலாளி. மின்சாரத்தின் துடிப்பைக் குறைத்து வேகத்தைக் குறைக்கும் டிரைவ் பெட்டி ஒன்றை ஏற்கெனவே வாங்கி மாட்டியிருந்தார்கள். அதில் ஒரு மோட்டார் கருகிப்போனதால் அது பீரோவில் தூங்கியது.

காயில்காரர் சிரித்தார். அதே அடுப்பின் புகைக் காற்றாடியை, வோல்டேஜைக் குறைக்கும் ஒரு வேரியாக்கை வைத்து நினைத்த வேகத்தில் இரண்டு வருஷமாக ஓடவிட்டவர் அவர்தான்.

"பெட்டியெல்லாம் எதுக்கு முதலாளி? காத்தாடிய அடக்குன கைதானே இது."

புதன்கிழமை அதே மாதிரிப் பெரிய வேரியாக் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்து மாட்டினார். கொஞ்சம் திருப்பினார், சங்கிலியில் மாற்றமே தெரியவில்லை. இன்னும் திருப்பினார், இலேசாகத் தளர்ந்தது. அதற்கும் மேலே திருப்பியபோது முனகிக்கொண்டு மெதுவானது. வேகம் வந்துவிட்டது என்று முதலாளியின் முகத்தைப் பார்த்தார். அரை மணி நேரத்தில் முனகல் அலறலாகி, வாசனை வந்தது. அந்த வாசனைக்கு மூக்கு இரண்டு பங்கு வேண்டியதில்லை. சங்கிலி நின்றது. குகைக்குள் நாற்பது தட்டு ரொட்டி கரியானது.

மறு வாயில் தட்டு வாங்கும் அம்மா ஒரு ரொட்டியை எடுத்துத் தரையில் தட்டிப் பார்த்தாள். "செங்கல் சூளைன்னு போர்டு மாத்திடலாம் முதலாளி," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். காயில்காரர் சிரிக்கவில்லை.

எரிந்த மோட்டாரைக் கடைக்குத் தூக்கி வந்து தன் கம்பியிலேயே புதுக் காயில் கட்டினார். கை கட்டிக்கொண்டிருக்க, மனசு தன்னையே திட்டிக்கொண்டிருந்தது. காற்றாடி மெதுவாகச் சுற்றினால் தள்ள வேண்டிய காற்றும் குறைந்து சுமை இலேசாகிவிடும். ரொட்டித் தட்டு மெதுவாகப் போனாலும் அதே கனம்தான். வோல்டேஜ் பாதியானால் மோட்டாரின் பலம் கால்வாசியாகிவிடும். பட்டினி போட்டு மூட்டை தூக்கச் சொன்னால் யார்தான் விழமாட்டான்? காயிலையே மாற்றிக் கட்டி வேகத்தைப் பாதியாக்கலாம், ஆனால் முழுசு, பாதி என்று இரண்டே வேகம், இடையில் ஒன்றும் கிடையாது. மிச்சம் இருந்தது அந்தப் பெட்டிதான்.

வியாழன் மாலை காயிலுக்குப் பூசிய வார்னிஷ் காய்ந்ததும் முதலாளி முன்னால் போய் நின்றார். வாழ்நாளில் அதிகம் பழகாத வார்த்தையைச் சொன்னார்.

"தப்பு என்னோடது முதலாளி. காயிலுக்குக் காசு வேணாம். அந்தப் பெட்டிய ஒரு தடவ குடுங்க."

முதலாளி பீரோவைத் திறந்து பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். சனிக்கிழமை காலை ஏழிலிருந்து மூன்று மணி வரை, மிகக் குறைந்த வேகத்தில், சுமையோடு மோட்டார் ஓட வேண்டும், சூடேறினால் ஒரு காசும் கிடையாது என்றார்.

வெள்ளிக்கிழமை பெட்டியை மாட்டி ஓடவிட்டார். இப்போது முனகல் இல்லை, மெதுவாகவும் பலமாகவும் இழுத்தது. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை மோட்டார் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தவருக்கு, மூன்றாம் தடவை மூன்று எண்ணும் வரைகூடத் தாங்கவில்லை. உடனே நிறுத்தினார். மீட்டரைப் பார்த்தால் ஆம்பியர் சரியாகவே இருந்தது. பிறகு எங்கிருந்து சூடு?

மோட்டாரைத் தடவியபடியே குந்தி உட்கார்ந்திருந்தார். தட்டு வாங்கும் அம்மா, காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தாள். ரொட்டி சுற்றும் தாளில் ஒரு துண்டு கிழித்து விசிறிக்கொள்ளச் சொல்லி நீட்டினாள். வாங்கியவர் விசிறவில்லை. மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டு, அதன் பின்மூடியின் ஓட்டைகளில் தாளை வைத்தார். பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. வேகத்தைக் குறைத்தார். தாள் வழுக்கிக் கீழே விழுந்தது.

மோட்டாரைக் குளிரவைக்கும் விசிறி மோட்டாரின் தண்டிலேயே இருக்கிறது. மோட்டார் மெதுவானால் விசிறியும் மெதுவாகிவிடும். பெட்டியில் கோளாறே இல்லை. முன்பு கருகிய மோட்டார் மூச்சு முட்டித்தான் செத்திருக்கிறது.

அன்று மாலையே பழைய விசிறி ஒன்றைத் தேடிப் பிடித்து, பின்மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டி, பெட்டியோடு சேராமல் தனியாக மின்சாரம் கொடுத்தார். மோட்டார் எவ்வளவு மெதுவாக ஓடினாலும் அது தன் வேகத்தில் காற்றடிக்கும்.

சனிக்கிழமை மணிக்கொரு தடவை கை வைத்தார். பத்து எண்ண முடிந்தது. இரண்டு மணிக்கும் பத்து எண்ணினார். மூன்று மணிக்கு முதலாளியே வந்து கை வைத்தார். எடுக்கவில்லை.

"காத்தாடிக்காரன்னு நெனச்சேன். மோட்டார்காரன்தான்யா நீ," என்றார். ஆனால் கரியான நாற்பது தட்டுக்கு நாலாயிரத்தைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தார். காயில்காரர் வாதாடவில்லை. வீட்டுக்குப் போய், மாதச் செலவுக்கென்று மனைவி வைத்திருந்ததில் இரண்டாயிரம் கேட்டார். அவள் அரிசி டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள், திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பெரிய தெரு அறை வாசலில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். அறைக்காரர் பூட்டும் சாவியுமாகப் படியில் உட்கார்ந்திருந்தார். மணி ஐந்துக்குப் பத்து நிமிஷம். காயில்காரர் ரூபாய்க் கட்டை அப்படியே நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"எண்ணியே குடுங்கண்ணே," என்று உள்ளங்கையை விரித்தாள்.

சுருக்கென்றது. கேட்டது நியாயம்தான். ஐந்நூறு ஐந்நூறாக அவள் கையில் வைத்தார். முப்பதுக்கு மேல் கணக்குத் தப்பியது. எல்லாவற்றையும் திரும்ப எடுத்து, முதலிலிருந்து வாய்விட்டு எண்ணி, எழுபத்தாறாவது தாளை அவள் உள்ளங்கையில் வைத்தார்.